ஞாயிற்றுக்கிழமை பூஜ்யங்கள்

ஆகஸ்ட் 10, திங்கள்

காலையிலேயே புகைமூட்டம். பால்கனியில காயப்போட்ட துணியெல்லாம் கருகின வாசம், திரும்பத் துவைக்கணும். வீட்டுக்காரர் முரளி விடியறதுக்கு முன்னாடியே மோட்டார்சைக்கிள்ல சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்பிட்டார். தம்போய்லேருந்து ஆபீஸ் வரைக்கும் ஜாம். லிப்ட்ல ரெண்டு பேர் பேச்சு. "புகை வந்தா என்ன, ஏர்கோன் இருக்குல்ல." "பிள்ளைங்க ஸ்கூல்ல அது இல்லையே லா."

புதுசா வந்த ஒன்றரை வருஷக் கணக்கையும் சேர்த்து மாடலை ஓட்டினேன். கோடு படுத்துடுச்சு.

பின்னாடி படிச்சா எனக்கே புரியணும், அதனால எழுதி வைக்கிறேன். இங்க ஜொகூர்ல, மாசாய் கிளினிக்குக்கு மூச்சு இழுப்போட தினம் எத்தனை பிள்ளைங்க வர்றாங்க, அந்தந்த நாள் காத்துல தூசி எவ்வளவு. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்க்கிற புள்ளியியல்தான் என் வேலை. பழைய ரெண்டு வருஷக் கணக்குல பளிச்சுன்னு தெரிஞ்சுது: இன்னிக்குப் புகை அடிச்சா நாளன்னிக்குக் கிளினிக்ல கூட்டம். ரெண்டு நாள் முன்னாடியே எச்சரிக்கை குடுத்துடலாம். இப்போ புதுக் கணக்கு சேர்ந்ததும், புகைக்கும் பிள்ளைங்களுக்கும் சம்பந்தமே இல்லைங்குது மாடல்.

20ஆம் தேதி வியாழன் கமிட்டி. மாசாய்க்கு எச்சரிக்கைத் திட்டம் உண்டா இல்லையான்னு அன்னிக்கு முடிவு. பத்தே நாள். ஐயோ, அலமாக்!

வாங்க: சோப்பு, முகமூடி ஒரு பெட்டி, கறிவேப்பிலை.


ஆகஸ்ட் 11, செவ்வாய்

தலைநகர் கே.எல்.லேருந்து டாக்டர் ஜெயசிங்கம், ஜூம்ல. டா.ஜெ.ன்னு போட்டா போதும், முழுப் பேரை எழுத இன்னிக்கு மனசு வரலை. கமிட்டிக்கு ஆலோசகர். அவர் தலையை ஆட்டினா திட்டம், ஆட்டலைன்னா குப்பைத்தொட்டி.

"என்ன பிள்ளை, இதிலே ஒண்டும் இல்லையே" என்றார். "முதல் கண்டது தற்செயல். தரவு கூடக் கூட உண்மை வெளியிலே வரும். அடுத்த வியாழன் நான் மூடச் சொல்லத்தான் போறன். மனசைத் தளர விடாதையுங்கோ."

தளர விடாதையுங்கோவாம்! கழுத்தை அறுத்துட்டு கைக்குட்டை நீட்டுற கதை. கடுப்பு என்னன்னா, மனுஷன் சொல்றது நியாயம். வேற யாராவது இப்படி ஒரு படத்தைக் கொண்டு வந்திருந்தா நானும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

சரி பார்த்தது:
தூசி அளவு – சரி.
கிளினிக் எண்ணிக்கை – மாசக் கூட்டல் ஒத்துப் போகுது.
மழை, வெயில், பள்ளி லீவு – சரி.
என் மூளை – சந்தேகம்.

மத்தியானம் ரொட்டி சானாய் ரெண்டு. கவலை வந்தா எனக்கு மட்டும் பசி கூடுது, என்ன ஜென்மமோ.


ஆகஸ்ட் 12, புதன்

மாசாய் போனேன். கம்ப்யூட்டர்ல வர்ற நம்பரை நம்பாம கிளினிக் பெரிய நோட்டையே நேர்ல பார்த்துடலாம்னு.

மிஸ்ஸி புஷ்பம் வழக்கம்போல நின்னுக்கிட்டே பால் போடாத தே ஓ குடிச்சுக்கிட்டு இருந்தாங்க. லாபிஸ் தோட்டத்துல பிறந்து, முப்பது வருஷமா நர்ஸ். இழுப்புப் பிள்ளைங்களுக்கு மூக்குல மாஸ்க் வெச்சு மருந்து ஆவி குடுக்கிறதைத்தான் இங்க எல்லாரும் கேஸ் பிடிக்கிறதுன்னு சொல்றது. கேஸ் பிடிக்க நாற்காலி ரெண்டே ரெண்டு. மத்தவங்க வரிசையில.

"போன தடவை புகை வந்தப்போ ஒரு பொண்ணு, ஏழு வயசிருக்கும்" என்றாங்க மிஸ்ஸி. "அஞ்சாவது ஆளா உக்கார்ந்திருந்துச்சு. நான் திரும்பிப் பார்க்கிறேன், உதடு நீலமாயிடுச்சும்மா. ஆம்புலன்ஸ்ல தூக்கிட்டு ஓடினோம். பிழைச்சுக்கிச்சு. முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஆள் போட்டிருப்பேன், நாற்காலி போட்டிருப்பேன். திட்டம் வருமா வராதா, வாசுகி?"

"வரும் மிஸ்ஸி." பொய். முகத்தைப் பார்க்க முடியாம நோட்டைப் பார்த்தேன்.

நோட்டுல இருக்கிறதும் என்கிட்ட இருக்கிறதும் ஒண்ணுதான். ஒரு பிழையும் இல்லை. கிளம்பும்போது மிஸ்ஸி, "இப்போ என்ன கூட்டம், திங்கக்கிழமை வந்து பாரு. ரெண்டு நாள் பூட்டிட்டுத் திறந்தா பேய்க்கூட்டம்" என்றாங்க. ம்ம் ம்ம்னு தலையாட்டிட்டு வந்துட்டேன்.

வெளியில ஒரு மோட்டார். அப்பா, அம்மா, நடுவுல மாஸ்க் போட்ட சின்னப் பிள்ளை. அம்மா சொல்லுது: "மூச்சை நல்லா இழுத்து விடுடா, அப்பதான் டாக்டர் ஊசி போட மாட்டாங்க." பிள்ளை இழுத்துப் பார்க்குது, வரலை.

அழுகையா வந்துச்சு, அப்புறம் கோபமா மாறிடுச்சு. யார் மேலன்னு தெரியலை. டா.ஜெ. மேல போட்டு வெச்சேன்.


ஆகஸ்ட் 14, வெள்ளி

பதினோரு விதமா ஓட்டியாச்சு. ஒரு நாள் தள்ளி, மூணு நாள் தள்ளி, மழையைச் சேர்த்து, மழையை எடுத்து. எல்லாத்துலயும் கோடு படுத்தே கிடக்கு.

சாம்பார்ல உப்பு ரெண்டு தடவை போட்டுட்டேன். முரளி நல்லா இருக்குன்னு சொல்லிச் சாப்பிட்டார். அதுதான் பயமா இருக்கு.


ஆகஸ்ட் 16, ஞாயிறு

ஒழுங்கா எழுதறேன்.

காலை ஒம்பது மணி. நான் தோசை சுடறேன், முரளி பால்கனியில துணி காயப் போடறார். அங்கேருந்தே பேச்சு: "ஞாபகம் இருக்கா வாசு? முன்னாடியெல்லாம் இந்த நேரம் நீ ஆபீஸ்ல இருப்ப. உனக்கு வெள்ளி சனி லீவு, எனக்கு சனி ஞாயிறு. வாரத்துக்கு ஒரு நாள்தான் உன் மூஞ்சியையே பார்ப்பேன். ஞாயித்துக்கிழமைன்னா நானும் இந்தத் துணியும்தான்."

சிரிச்சேன். தோசையைத் திருப்பினேன். திருப்பின கை அப்படியே நின்னுடுச்சு.

ஒன்றரை வருஷம் முன்னாடி ஜொகூர்ல லீவு நாளை மாத்தினாங்களே. வெள்ளி சனி போய் சனி ஞாயிறு ஆச்சே. எனக்கு மாறின மாதிரி கிளினிக்குக்கும் மாறியிருக்குமே!

தோசை கருகட்டும்னு ஓடினேன். லாப்டாப்பைத் திறந்து என் புரோகிராமைப் பார்த்தா, நானே என் கையால எழுதின வரி, மூணு ஆச்சரியக்குறியோட: வெள்ளி, சனி கிளினிக் பூட்டு. கணக்கில் சேர்க்காதே!!!

அந்த வரியை எழுதின அன்னிக்கு எனக்கு எவ்வளவு திமிர். கே.எல். ஆளுங்களுக்கு ஜொகூர் லீவு எதுன்னே தெரியாது, சனி ஞாயிறுன்னு போட்டு அனுப்புவாங்க. ஒவ்வொரு மீட்டிங்லயும் திருத்துவேன். "இது ஜொகூர், எங்களுக்கு வெள்ளி சனி." சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுது. அப்புறம் லீவு மாறின அன்னிக்கு, முரளியோட ஞாயிறு கிடைச்சுதுன்னு கோயில்ல தேங்காயே உடைச்சேன். மாடலுக்குச் சொல்ல மறந்துட்டேன். கே.எல். ஆள் இந்தத் தப்பைச் செய்யவே முடியாது. ஜொகூர்க்காரிதான் செய்வா. அதுவும் திமிர் பிடிச்ச ஜொகூர்க்காரி.

அதனால என்ன ஆச்சுன்னா, புதுக் கணக்குல வெள்ளிக்கிழமை கிளினிக் திறந்திருக்கு, பிள்ளைங்க வந்திருக்காங்க. நான் அந்த நாளையே தூக்கிப் போட்டிருக்கேன். ஞாயிறு பூட்டு. பூட்டின நாளுக்கு சிஸ்டம் பூஜ்யம் போட்டு அனுப்பும். அந்தப் பூஜ்யத்தை மாடல் நம்பிடுச்சு: ஞாயிறு ஒரு பிள்ளைக்கும் இழுப்பு இல்லை, வெள்ளிக்கிழமைப் புகை யாரையும் ஒண்ணும் செய்யலை. வாரத்துக்கு ஒரு பூஜ்யம், ஒன்றரை வருஷம். கோடு படுக்காம என்ன செய்யும்? புதன்கிழமை மிஸ்ஸி வாயாலயே சொன்னாங்க, ரெண்டு நாள் பூட்டிட்டு திங்கள் திறந்தா கூட்டம்னு. தலையாட்டிட்டு வந்திருக்கேன், மண்டு!

அந்த ஒரு வரியை ரெண்டு வரியா உடைச்சேன். மாறுறதுக்கு முன்னாடி இப்படி, பின்னாடி அப்படி. ஓட்டினேன்.

எழுந்துடுச்சு கோடு! முன்னைவிட நிமிர்ந்து நிக்குது. அதே ரெண்டு நாள்.

கத்தின கத்துல பக்கத்து வீட்டு சைனீஸ் அங்கிள் ஜன்னல்ல எட்டிப் பார்த்தார். முரளி கையில ஈரத் துணியோட ஓடி வந்தார். "என்ன, பல்லியா?" கட்டிப் பிடிச்சுக்கிட்டேன். அடுப்புல தோசை கரிக்கட்டை. ரெண்டு பேரும் வெளியில போய் நாசி லெமாக் சாப்பிட்டோம், எனக்கு முட்டை ரெண்டு.


ஆகஸ்ட் 17, திங்கள்

காலையில முதல் வேலையா டா.ஜெ.க்குப் போன். தப்பு என்னுதுதான்னு ஒத்துக்கிட்டு, முழுசா விளக்கிட்டு, இனி மனுஷன் என்ன சொல்லுவார்னு நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு உக்கார்ந்தேன்.

"விடையைப் பாத்துப் போட்டுக் கேள்வியைத் திருத்தினா எப்பிடி, பிள்ளை? உங்களுக்குப் பிடிச்ச கோடு வரும்வரை தேடினீங்கள், வந்திட்டுது. கமிட்டி இதைத்தான் கேக்கும்."

ஒரு நிமிஷம் போனைச் சுவத்துல அடிக்கலாம்னு தோணுச்சு. ஆனா திரும்பவும் நியாயம். இந்த மனுஷனுக்கு நியாயத்தைத் தவிர வேற ஒண்ணும் பேச வராதா?

"அப்போ நடக்கிறதுக்கு முன்னாடியே எழுதிக் குடுக்கிறேன் சார்" என்றேன். வாய் முந்திக்கிச்சு, மூளை பின்னாடி வந்துச்சு. "இன்னிக்குப் புகை எவ்வளவுன்னு சாயங்காலம் தெரிஞ்சிடும். புதன்கிழமை மாசாய்க்கு எத்தனை பிள்ளைங்க வருவாங்கன்னு இன்னிக்கே மெயில் போடறேன். வியாழன் நீங்களே சரி பாருங்க."

அவர், "தைரியம்தான். அனுப்புங்கோ."

வெளியில எதிர்க் கட்டடமே தெரியலை. அளவு ஏறிக்கிட்டே போச்சு. அஞ்சு மணிக்கு மெயில், டா.ஜெ.க்கும் கமிட்டிச் செயலாளருக்கும்: வழக்கமா ஏழெட்டுப் பிள்ளைங்க, புதன்கிழமை இருபது.

அடுத்து மிஸ்ஸிக்குப் போன்.
"புதன்கிழமை இருபது பேர் இழுப்போட வருவாங்க மிஸ்ஸி."
"யார் சொன்னா?"
"நான்தான்."
"மேலேருந்து உத்தரவா?"
"இல்ல. உத்தரவு ஒண்ணும் இல்ல. என் கணக்கு மட்டும்தான்."
மிஸ்ஸி யோசிச்சாங்க. நான் நகத்தைக் கடிச்சேன். "சரி, மாடியில நாலு நாற்காலி சும்மாத்தான் கிடக்கு, இறக்கறேன். மெஷினும் பக்கத்து கிளினிக்ல கேட்டுப் பார்க்கிறேன். யாரும் வரலைன்னா உன்னை உக்கார வெச்சு கேஸ் பிடிக்கறேன், ஆமா."


ஆகஸ்ட் 19, புதன்

லீவு போட்டுட்டு மாசாய் போய் உக்கார்ந்தேன். ஆபீஸ்ல இருந்தா பைத்தியம் பிடிச்சிருக்கும். இங்க இருந்தும் பிடிச்சுது.

8.30 – ஒண்ணு.
10.00 – மொத்தம் மூணு.
12.00 – நாலு.

ஆறு நாற்காலி, ஆறு மெஷின். காலி நாற்காலியைப் பார்த்துட்டு ஒரு பாட்டையா மிஸ்ஸிகிட்ட கேட்கிறார், "என்ன, ஏதும் கல்யாணமா?" மிஸ்ஸி என்னைப் பார்க்கலை. அது மரியாதை. எனக்கு அங்கேயே பூமி பிளந்தா தேவலைன்னு இருந்துச்சு.

ஒரு மணிக்கு என்னை நானே கையும் களவுமாப் பிடிச்சேன். வாசல்ல ஒரு அம்மா பிள்ளையைத் தூக்கிட்டு வருது. என் மனசு சொல்லுது, இழுப்பா இருக்கணும், இழுப்பா இருக்கணும். சீ! எவ பெத்த பிள்ளைக்கோ மூச்சு முட்டணும்னு வேண்டிக்கிட்டு நிக்கிறேன். பாத்ரூம் போய் முகத்தைக் கழுவிட்டு வந்தேன். (அந்தப் பிள்ளைக்கு வயித்துப்போக்கு.)

ஒண்ணே முக்காலுக்கு ஸ்கூல் விட்டுச்சு. அப்புறம் பார்க்கணுமே. மோட்டார் மேல மோட்டார். யூனிஃபார்மோட, பையோட, தமிழ்ப்பள்ளிப் பிள்ளைங்க, மலாய்ப் பிள்ளைங்க, சைனீஸ் இரட்டைப் பிள்ளைங்க. ஆறு நாற்காலியும் நிறைஞ்சுது, காலியாச்சு, திரும்ப நிறைஞ்சுது. மிஸ்ஸி ஓடின ஓட்டம்! "அம்மா, மாஸ்க்கை இறுக்கிப் பிடிங்க. தம்பி, அழக்கூடாது, பலூன் ஊதற மாதிரி விடு. அடுத்து யாரு, வா." ஒரு பொண்ணுக்கு நான் மாஸ்க் பிடிச்சேன். என் கையில சின்ன நெஞ்சு தடக்தடக்னு அடிச்சு, கொஞ்சம் கொஞ்சமா அடங்குது. அடங்கினதும் அது என்கிட்ட, "ஆன்ட்டி, மைலோ இருக்கா?"

அஞ்சு மணி, மொத்தம் இருபத்தொண்ணு. பத்து நிமிஷத்துக்கு மேல யாரும் காத்திருக்கலை. ஆம்புலன்ஸ் கூப்பிடவே இல்லை.

மிஸ்ஸி கடைசி நாற்காலியில பொத்துனு உக்கார்ந்தாங்க. "ஒரு பிள்ளை கூடுதலா வந்துடுச்சே" என்றாங்க. "கணக்கு சரியில்லையே வாசுகி." ரெண்டு பேரும் கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சோம். சிரிப்புல எனக்குக் கொஞ்சம் அழுகையும் கலந்திருந்துச்சு, அது வேற.


ஆகஸ்ட் 20, வியாழன்

கமிட்டி. நீலப் புடவை. பதினொரு பேர், பலகாரத் தட்டு நடுவுல.

முதல் வார்த்தையே என் தப்பைத்தான் சொன்னேன். லீவு மாறினதை நானே மறந்தேன், அதனாலதான் போன வாரம் காட்டின படம் பொய்னு. அறையில ஒருத்தருக்கொருத்தர் பார்த்துக்கிட்டாங்க. டா.ஜெ.யைத் தவிர எல்லாருமே ஜொகூர்க்காரங்க. ஒரு அம்மா மெதுவா, "என் காலண்டர்ல இன்னும் வெள்ளிக்கிழமைதான் சிவப்பு" என்றாங்க. சிரிப்பு. அப்புறம் திங்கள் போட்ட மெயில், பக்கத்துல புதன் நோட்டுப் பக்கம். அவ்வளவுதான். வேற ஒரு படமும் காட்டலை.

நேர்லயே வந்திருந்த டா.ஜெ. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். "நான் அப்பவே சொன்னனான், காலண்டரைப் பாருங்கோ எண்டு."

"எப்போ சார் சொன்னீங்க?"

வாய் திரும்பவும் முந்திக்கிச்சு. மனுஷன் என்னைப் பார்த்தார், தாடை ஆடுது. பார்த்தா சிரிக்கிறார்! "சொல்லேல்லைத்தான்" என்றார். "சொல்லியிருக்க வேணும். பிழை எனக்கும்தான்." அப்புறம் முதல் கை அவரே தூக்கினார். பதினொரு கையும் மேல. மாசாய்க்குத் திட்டம் உண்டு!

மிஸ்ஸிக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவங்க, "அப்போ நாற்காலியைத் திரும்ப மாடிக்கு ஏத்த வேணாம்ல?" என்றாங்க. முரளி சிங்கப்பூர்ப் பாலத்து ஜாம்ல நின்னுக்கிட்டு ஹெல்மெட்டோட போன்ல கத்தினார், பக்கத்து மோட்டார்க்காரங்க எல்லாம் ஹாரன் அடிச்சாங்களாம். வாழையிலைக் கடையில ரெண்டு பேரும் மூச்சு முட்டச் சாப்பிட்டோம். டா.ஜெ. நல்ல மனுஷன்னு எழுதி வைக்கிறேன், பின்னாடி மறந்துடுவேன்.


செப்டம்பர் 9, புதன்

மழை வரும்போல வந்து, வரலை. முதல் நிஜ எச்சரிக்கைக்கு இன்னிக்குத்தான் விடை.

திங்கள் புகை. அன்னிக்கே சாயங்காலம் மாசாய்ப் பள்ளிகளோட பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்கெல்லாம் மெசேஜ் போச்சு, மூணு மொழியில. தமிழ் நான் எழுதினது: "புதன்கிழமை இழுப்பு கூடலாம். டாக்டர் குடுத்த மருந்தை இன்னிக்கே ஆரம்பிங்க, ஒரு நாளும் விடாதீங்க. இன்ஹேலரைப் பள்ளிப் பையில வையுங்க. பிள்ளையை வெளியில ஓட விடாதீங்க." மாடல் சொன்னது பதினெட்டு.

காலையிலேருந்து போனையே பார்த்துக்கிட்டு இருந்தேன். ரெண்டு மணி, மிஸ்ஸி போன் இல்லை. மூணு, நாலு, இல்லை. கூட்டத்துல கை ஒழியலை போலிருக்குன்னு நினைச்சேன்.

அஞ்சு பத்துக்கு வந்துச்சு.

"ஏழு" என்றாங்க.
"பதினேழா?"
"ஏழேம்மா. சும்மா ஒரு நாள் மாதிரி. மத்தியானம் பூரா வாசலையே பார்த்துக்கிட்டு நின்னேன். நாலு அம்மாங்க வந்தாங்க, பிள்ளையைக் கூட்டிட்டு வரலை. இன்ஹேலர் தீர்ந்துபோச்சு, மெசேஜ் பார்த்தோம், புதுசு குடுங்கன்னு வாங்கிட்டுப் போனாங்க. பிள்ளை எங்கன்னா, வீட்டுல கார்ட்டூன் பார்க்குதாம். உன் கணக்கு தப்பு, வாசுகி."
"ஆமா மிஸ்ஸி. தப்பு."
"எதுக்கு அழற?"

ஒரே ஒரு நாளை வெச்சு ஒண்ணும் சொல்லக் கூடாது. தெரியும். இன்னும் பத்துப் புகையாவது பார்க்கணும். வேற எவனாவது இதை வெச்சுத் துள்ளினா நானே உக்கார வெச்சு வகுப்பெடுப்பேன். ஆனாலும் துள்ளினேன். கதவைச் சாத்திட்டு, செருப்பைக் கழட்டிட்டு, நல்லா.

கமிட்டிக்கு ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் ஃபார்ம் அனுப்பணும். நிரப்பினேன்.
கணித்தது: 18.
வந்தது: 7.
பிழைக்குக் காரணம்: பிள்ளைங்க வீட்டுல நல்லா இருக்காங்க.